விக்ராந்தைத் தாங்கும் தகடு

மிளகுக்கும் சுக்குக்கும் தரம் பார்த்துப் பேர் வாங்கிய ஊர் மட்டாஞ்சேரி. அங்கிருந்து வில்லிங்டன் தீவைத் தாண்டி எறணாகுளம் கரை சேர்ந்தால் கொச்சி கப்பல் கட்டும் தளம். அங்கே தரம் பார்ப்பது எஃகுத் தகட்டுக்கு. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த் பிறந்த இடம் அது. அந்தக் கப்பலின் விமானங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதன் உடம்பான தகட்டைப் பற்றிப் பேசியது குறைவு. என்னைக் கேட்டால், அதன் முதல் சாதனையே அந்தத் தகடுதான்.

விக்ராந்துக்காக ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய எஃகு வந்து சேரவில்லை. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் பொறுப்பை ஏற்றது. அதன் பலன்தான் டி.எம்.ஆர். 249 வகை எஃகு. கப்பலின் உடலுக்கு 249ஏ, விமானம் இறங்கும் மேல்தளத்துக்கு அதைவிட வலுவான 249பி. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் தந்தது சுமார் 30,000 டன்.

கட்டடம், ஷெட் வேலைக்கு வாங்கும் சாதாரணத் தகடு சதுர மில்லிமீட்டருக்கு 25 கிலோ இழுவை வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நீண்டுவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. 249ஏ தகடு 40 கிலோ வரை தாங்கும். கார்பனைக் குறைத்து, நிக்கலும் துளி வனேடியமும் நியோபியமும் சேர்த்ததால் வந்த பலம் இது.

ஆனால் வலு மட்டும் போதாது. தகட்டிலிருந்து சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டுப் போட்டு, மைனஸ் 60 டிகிரிக்குக் குளிரவைத்து, ஊசல் சுத்தியலால் ஒரே அடி அடிப்பார்கள். உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதே கணக்கு. அரபிக்கடலில் அந்தக் குளிர் ஏது என்று கேட்கலாம். குண்டு வெடித்துத் திடீர் அடி விழும்போதும், குளிரில் ஆவதைப் போலவே எஃகு வளைய நேரமின்றி உடையப் பார்க்கும். குண்டே விழாமலும் அப்படி உடைந்ததுண்டு. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அலையே இல்லாத துறையில் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் நடுவே பிளந்தது. எஃகின் குணமும் வெல்டிங் குறையும் சேர்ந்து செய்த வேலை அது.

249ஏ போன்ற கிரேடு என்பது, தகடு போகும் இடத்துக்கு ஏற்ற குணம். வெப்பத்தோடு அழுத்தமும் தாங்க வேண்டிய பாய்லருக்கும் சுத்திகரிப்பு ஆலை ரியாக்டருக்கும் குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த தகடு. சுரங்க டிப்பரின் தொட்டிக்கு, கல் உரசினாலும் தேயாத கடினத் தகடு. அந்தக் கடினத் தகட்டைக் கொண்டுபோய் பாய்லரில் வைத்தால் ஆபத்து.

பெயின்ட் அடித்துவிட்டால் எல்லாத் தகடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் ஆலையிலேயே கிரேடையும், எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் ஹீட் நம்பரையும் தகட்டில் அச்சடிக்கிறார்கள். நல்ல பட்டறையில் வெட்டும் முன்பே அந்த நம்பரை ஒவ்வொரு துண்டுக்கும் பஞ்ச் அடித்துப் பதித்துவிடுவார்கள். பாய்லரோ பிரஷர் டேங்கோ செய்யக் கொடுப்பவர்கள் விலை பேசுவதோடு நிறுத்தாதீர்கள். ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பர் தகட்டிலும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தகடு வேண்டாம்.