இருக்கையும் பந்தியும்: விசுவாசமும் கிரியையும்



மனிதர் மீட்படைவது விசுவாசத்தாலா, நற்கிரியையாலா என்பது கிறித்தவத்தின் பழைய வழக்கு. விசுவாசம் மட்டுமே போதும் என்றார் மார்ட்டின் லூத்தர். அன்பின் செயலோடு சேராத விசுவாசம் மீட்காது என்று 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் பதில் தந்தது. நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று, கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். மீட்பு கடவுளின் கொடை, நற்செயல் அதன் கனி என்பது அதன் சாரம். இறையியலாளர்களின் வழக்கு அங்கே ஏறக்குறைய முடிந்தது. நம் ஊர்களில் முடியவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

வழக்கின் மூல ஆவணங்கள் இரண்டு. ஒன்று, பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம். விசுவாசத்துக்கு ஆதரவாக எல்லாரும் காட்டுவது இதைத்தான். ஆனால் அங்கே பவுலின் வாதம் ஒரு பந்தியிலிருந்து கிளம்புகிறது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உட்கார்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். விருத்தசேதனமும் உணவுத் தீட்டும் ஒருவரைக் கடவுள் முன் உயர்த்தாது என்பதே அவர் வாதம். அங்கே அவர் மறுக்கும் 'கிரியை' முதலில் இந்தப் பிரிப்புச் சடங்குகள்தான். பசித்தவனுக்குச் சோறிடுவதை அவர் மறுக்கவில்லை.

மற்றொன்று யாக்கோபின் கடிதம். செயலற்ற விசுவாசம் செத்தது என்று வாதிடுவது அதன் இரண்டாம் அதிகாரம். அந்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது? சபைக்குள் பொன்மோதிரக்காரர் வந்தால் நல்ல இருக்கை தருகிறீர்கள், கந்தல் உடுத்த ஏழை வந்தால் நிற்கச் சொல்கிறீர்கள், இல்லையேல் காலடியில் உட்காரச் சொல்கிறீர்கள் என்று யாக்கோபு குற்றஞ்சாட்டுகிறார். சோறும் துணியும் கொடுக்கச் சொல்வது அதற்குப் பிறகுதான். யாக்கோபு முதலில் கேட்பது இருக்கை.

ஆக, எதிரெதிர் முகாம்களில் நிறுத்தப்பட்ட இருவரும் பேசியது ஒன்றையே: யார் யாரோடு உண்பது, யார் எங்கே உட்காருவது. சாதி வாழும் மண்ணில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இனி நம் கடற்கரைச் சீமைக்கு வருவோம். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டவர் ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர். லிஸ்பனில் பிறந்து மதுரை மிஷனில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி. பிராமணச் சந்நியாசிக் கோலத்தில் இருந்த குருக்கள் ஒடுக்கப்பட்டோரை வெளிப்படையாக நெருங்க இயலாததால், பண்டாரசாமிக் கோலம் பூண்டு உழைத்தவர். மறவர் குலத்து இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவி தவிர மற்றவர்களை விலக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அந்தப் பகையே அருளானந்தரின் உயிரைக் குடித்தது. 1947இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த நிபந்தனையை. வாயால் சொன்ன விசுவாசம் போதாது, வாழ்க்கை மாறியாக வேண்டும் என்று ஓர் இளவரசரிடமே கேட்க முடிந்திருக்கிறது. கேட்டதற்கு உயிரையும் விலை கொடுத்திருக்கிறார். ஆனால் அதே மிஷன் சாதியை விடுவதை ஞானஸ்நானத்தின் நிபந்தனை ஆக்கவில்லை. திருமணம் விசுவாசத்தின் விஷயம், சாதி ஊர் வழக்கம் என்று பிரித்துவிட்டார்கள். ஒடுக்கப்பட்டோரின் நோயாளிகளுக்கு அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனம் தர வேண்டும் என்று 1704இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஆணையிட வேண்டியிருந்தது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. 1744இல் கண்ட சமரசம் என்ன தெரியுமா? ஒடுக்கப்பட்டோருக்குத் தனிக் குருக்கள்.

சீர்திருத்தச் சபைகளிலும் தனி இருக்கை இருந்தது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர்கள் வெளியேறினார்கள். 1847இல் அமெரிக்க மதுரை மிஷன் சாதியை விட்டதற்குச் சான்றாகச் சமபந்தியைக் கேட்டது. மறுத்தவர்களில் உபதேசியார்களும் இருந்தார்கள். அவர்கள் வேதம் அறிந்தவர்கள், செபத்திலும் குறை வைக்காதவர்கள். அவர்கள் விசுவாசம் இடறியது ஒரு பந்தி இலையின் முன்தான்.

மிஷன் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நம் மக்களுக்குத் தந்ததை நாம் மறக்கவில்லை. ஆயினும் தர்மம் மேலிருந்து கீழே கொடுக்கப்படுவது. கொடுப்பவர் தம் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புதல் விசுவாச அறிக்கை போன்றது. கிரியை இனிமேல்தான் வர வேண்டும்.

கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் சமமானவராக அமர்ந்து பேசினார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் ஓர் இருக்கையின் விலை அது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ச் சபையின் விசுவாசத்தை அளக்க இறையியல் நூல் வேண்டாம். திருவிழா மண்டகப்படி யாருக்கு, பந்தியில் யார் சமைக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் சுவர் எங்கே போகிறது, இவற்றைப் பாருங்கள். யாக்கோபும் பவுலும் கேட்டது இதைத்தான்.