வீட்டிலிருந்தபடியே ஜி.ஐ.எஸ். கற்றல்

நிலத்தைப் பற்றிய விவரங்கள் கிராமத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சர்வே நம்பரும் விஸ்தீரணமும் 'அ' பதிவேட்டிலும், புலத்தின் வடிவமும் அளவுகளும் புலப்படத்திலும், சாகுபடி அடங்கலிலும் இருக்கின்றன. மண்ணின் குணமும் கிணற்று நீர்மட்டமும் வேறு இலாகாக்களின் கணக்குகளில் உள்ளன. இவற்றை ஒன்றன்மேலொன்றாகக் கண்ணாடித்தாள் பரப்புவதுபோல் ஒரே படத்தின்மேல் அடுக்கி, கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்படி கம்ப்யூட்டரில் அமைக்கும் வித்தையே ஜி.ஐ.எஸ். என்னும் பூகோள விவர முறையாகும். இது பட்டணத்தார்க்கே உரியதென எண்ணலாகாது. 1960-களில் கனடா தேசத்தில், எந்த நிலம் எந்த உபயோகத்திற்கு ஏற்றது என்று கணக்கெடுக்கும் வேலைக்காகவே ரோஜர் டாம்லின்சன் என்பார் இதனை முதன்முதலில் அமைத்தார்.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இதன் அவசியம் கண்கூடு. இது ஏரிப் பாசனம் நடந்த நாடு. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும்படி முன்னோர் அமைத்திருந்தனர். 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்டது. பின்னர் நஞ்சைகள் மனைகளாயின. மணியம், கர்ணம் உத்தியோகங்கள் 1980-இல் நீக்கப்பட்டபின், கால்வாய் சென்ற வழியை வாய்மொழியாகச் சொல்லத்தக்கவர்களும் அருகினர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் தன் பழைய வழியையே தேடிற்று. பழைய கிராமப் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பொருத்திப் பார்த்தால், எந்தச் சர்வே நம்பரில் கால்வாய் மறைந்தது என்பது ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும்.

1794-இல் சர்வே பள்ளிக்கூடமாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வளாகத்தில் இக்கலை நேர்முகமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் பண்ணையையோ உத்தியோகத்தையோ விட்டு ஆவடியிலிருந்து தினந்தோறும் கிண்டிக்குச் செல்வது எல்லோருக்கும் இயலாது. பட்டம் பெற்ற அத்தகையோர்க்குத் தொலைநிலைக் கல்வி ஏற்றது. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பை ஏற்படுத்தியுள்ளது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007 முதல் தொலைவழி வகுப்புகள் நடத்திவருகிறது. அவற்றுள் பலவற்றிற்குக் கட்டணமில்லை. ஆனால் அவை பட்டமாகக் கொள்ளப்படுவன அல்ல. பணம் கட்டுமுன், சேரவிருக்கும் படிப்பு பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் அவ்வாண்டுக்கு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுதல் மிக முக்கியம். அங்கீகாரமில்லாத பட்டம் உத்தியோக உயர்வுக்குப் பயன்படாது.

புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதுவது கடினமன்று; கைப்பழக்கமே கடினம். அருகில் ஆசான் இல்லாத மாணவர் பலரும் இவ்விடத்திலேயே சோர்ந்துவிடுகின்றனர். இதற்கு உபாயம், பாடத்தில் கொடுத்த அயல்தேசத்துப் படங்களோடு நில்லாமல் தம் சொந்தக் கிராமத்தையே பயிற்சிக் களமாகக் கொள்வதுதான். 2002-இல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். ஐரோப்பியரின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசமே. கிராம எல்லைகள் கூடுமிடத்துக் கல், பழைய மதகு, கோயில் மூலை முதலிய மாறாத அடையாளங்கள் நான்கைந்தைக் கொண்டு பழைய படத்தைப் பொருத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய சர்வே படங்கள் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் பூகோள அளவையில் வரையப்பட்டவை. செயற்கைக்கோள்களோ வேறோர் அளவையைக் கொண்டவை. மாற்றக் கணக்குச் செய்யாவிடில் இப்பகுதியில் படம் நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழும்.

கைபேசி காட்டும் இடமும் துல்லியமானதன்று. வெட்டவெளியிலும் சுமார் 5 மீட்டர் பிசகலாம். ஒரு சங்கிலிக்கு 66 அடி, அதாவது ஏறக்குறைய 20 மீட்டர். பக்கத்துக்கு ஒரு சங்கிலியுள்ள சதுரம் 10 சென்ட். அதில் ஒரு வரப்பு 5 மீட்டர் தள்ளி விழுந்தால் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2½ சென்ட், கைமாறிவிடும். சென்டினல் படத்தின் ஒரு புள்ளியும் ஏறத்தாழ இவ்வளவு நிலத்தையே காட்டுகிறது. ஆதலால் ஏரியின் நீர்ப்பரப்பு, பயிர் நின்ற பரப்பு, கால்வாயின் போக்கு ஆகியவற்றை அறிய இவை போதுமாயினும், பங்காளிகளின் வரப்புத் தகராற்றுக்கு உதவா. அதற்குத் தாலுகா சர்வேயர் புலப்படத்தின்படி கல் பார்த்து அளப்பதே செல்லும்.