குடை பிடித்தவர் யார்? ஒரு டச்சு ஓவியமும் நம் கடற்கரையும்

அதியமான்கோட்டையில் மதரஸா பிள்ளைகளுக்கு அண்மையில் ஒரு பழைய ஓவியத்தைக் கைபேசியில் காட்டினோம். தென்னை மரங்கள், மீன் சந்தை, தண்ணீருக்கு அப்பால் ஒரு கோட்டை. "ஊரு ரொம்ப அமைதியா இருக்கு ஹஜ்ரத்" என்றான் ஒரு மாணவன்.

அது டச்சுக்காரர்களின் துறைமுக நகரமான பத்தாவியா; இன்றைய ஜகார்த்தா. ஆண்ட்ரீஸ் பேக்மன் என்ற டச்சு ஓவியர் 1661 வாக்கில் வரைந்தது. ஆம்ஸ்டர்டாமில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் மாட்டப்பட்டிருந்தது. இப்போது அதே நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஓவியத்தின் முன்பகுதியில் ஒரு வியாபாரி மனைவியோடு நடந்து வருகிறார். பின்னால் ஒருவர் அவர்களுக்குக் குடை பிடிக்கிறார். பத்தாவியாவில் அது அடிமைகளின் வேலை.

அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்?

பல நாடுகளிலிருந்து வந்தார்கள். நம் கரையிலிருந்தும் போனார்கள். டச்சுக்காரர்கள் 1613ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1658ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தனர். அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் தாக்கின. 1659 முதல் 1661 வரை மட்டும் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அந்த அமைதியான படம் வரையப்பட்ட அதே காலம்!

குடை பிடிப்பவரின் பெயரோ ஊரோ படத்தில் இல்லை. குடைக்குக் கீழே நடப்பவருக்காக வரையப்பட்ட படம் அது.

டச்சுக்காரர்களை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்களுடைய கப்பல்களும் அக்காலத்தில் அச்சேவுக்கு அடிமைகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. நீதி பேசும்போது நம்மவர் தவறையும் சேர்த்தே பேச வேண்டும்.

குர்ஆன் காட்டும் மேட்டுப்பாதை

சூரத்துல் பலதில் அல்லாஹ் 'அகபா' எனும் கடினமான ஏற்றத்தைப் பற்றிக் கூறுகிறான். அடிமையை விடுவிப்பதும், பசி வாட்டும் நாளில் அநாதைக்கும் ஏழைக்கும் உணவளிப்பதுமே அந்த ஏற்றம் (90:11-16). இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். தஞ்சையில் பசித்தவனுக்கு ஒருவேளைக் கஞ்சி கிடைத்திருந்தால், அவன் விலைக்கு வந்திருக்க மாட்டான்.

இது பழங்கதை அல்ல. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் அடிமைத்தளையில் இருப்போரும் கடனில் சிக்கியோரும் அடங்குவர் (9:60). ஜகாத் கணக்குப் பார்க்கும்போது, நம் தெருவில் கடனுக்காகத் தன் உழைப்பையே அடகு வைத்தவர் யாரேனும் உண்டா என்று முதலில் விசாரிப்போம்.

அமைதியாகத் தெரியும் இடத்திலும் சுமை சுமப்பவரைக் காணும் கண்ணை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக! ஆமீன்.