மண் பரிசோதனையும் கம்பிச் சல்லடையும்

இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் நெற்பயிரைத் தாக்கிய ‘கைரா’ நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பதைப் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய். எல். நேனே 1966-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். மண்ணிலுள்ள துத்தநாகத்தை அளந்தறிவது இன்று மண் பரிசோதனையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் மண்ணைச் சலிக்கும் சல்லடையே அந்த அளவைப் பிழையாக்கிவிடக் கூடும்.

கம்பி வலையும் துணியைப் போன்றே தறியில் நெய்யப்படுவதாகும். நீளவாட்டில் ஓடுவது பாவுக் கம்பி. குறுக்கே செல்வது ஊடைக் கம்பி. ஊடை ஒவ்வொரு பாவுக் கம்பிக்கும் மேலும் கீழுமாக மாறி மாறிச் சென்றால் அது சாதா நெசவு. இரண்டிரண்டு கம்பிகளாகத் தாண்டிச் சென்றால் அது சாய்வரி நெசவு.

ஓர் அங்குல நீளத்திலுள்ள கண்களின் எண்ணிக்கையே ‘மெஷ்’ எனப்படும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஆகவே 10 மெஷ் வலையில் ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து 2.54 மி.மீ. இடங்கொள்ளும். கம்பியின் விட்டம் 0.54 மி.மீ. ஆனால் கண்ணின் அகலம் 2 மி.மீ.; கம்பி 0.90 மி.மீ. ஆனால் கண் 1.64 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். மெஷ் எண் ஒன்றேயாயினும் சல்லடைகள் வேறு வேறாகும். வழக்கமான மண் பரிசோதனைக்கு 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடை தேவை. எனவே வாங்கும்போது மெஷ் எண்ணைவிடக் கண்ணின் அளவைக் கேட்டறிவதே முறை.

அடுத்து உலோகம். துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி மலிவானது. ஆனால் பூச்சு தேய்ந்து உதிரும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. பாஸ்பர் வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் சிறிது பாஸ்பரமும் உண்டு. துருவேறா எஃகின் 304 என்னும் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. 316 வகையில் மாலிப்டினமும் சேர்வதால் அது கடற்கரையின் உப்புக் காற்றை மேலும் நன்கு தாங்கும்.

பயிருக்குக் கிட்டக்கூடிய துத்தநாகம் ஒரு கிலோகிராம் மண்ணில் 0.6 மில்லிகிராமுக்குக் குறைந்தால் அதைக் குறைபாடு எனப் பல இடங்களில் கொள்வர். அரைக் கிலோகிராம் மாதிரியில் இது 0.3 மில்லிகிராமே. கண்ணுக்குப் புலப்படாத அளவில் உதிரும் பூச்சும் இந்த எல்லையைத் தாண்டச் செய்யலாம். அப்போது குறைபாடுள்ள நிலம் வளமானதாகத் தோன்றும், துத்தநாக சல்பேட் இட வேண்டிய உழவர் இடாமல் விடுவார், விளைச்சல் குன்றும்.

ஆதலின் நுண்ணூட்டப் பரிசோதனைக்குரிய மண்ணை நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் பொடித்து, நைலான் அல்லது துருவேறா எஃகுச் சல்லடையில் சலித்தல் வேண்டும். பித்தளைச் சல்லடையும் துத்தநாகம் பூசிய சல்லடையும் இதற்கு ஆகா. மணல், சரளை முதலியவற்றின் பருமனைப் பிரித்தறியப் பித்தளைச் சல்லடையைத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

பள்ளியில் ஆசிரியர் ஓர் அளவுகோலைச் சல்லடையின் மேல் வைத்து, ஓர் அங்குலத்திலுள்ள கண்களை மாணவர்களைக் கொண்டு எண்ணச் செய்யலாம். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்து, மேற்கூறிய கணக்கின்படி கண்ணின் அகலத்தை அவர்களே கண்டறிவர்.