5 ரூபாய் டிக்கெட்டில் பல்லாவரம் மலை... பாதை மாறியதால் வந்த வினை!

கோடை லீவு வந்தால் நண்பர்கள் குரூப்பில் ஏலகிரி, கொல்லிமலை என்று பிளான் ஓடும். கடைசியில் யாருக்கும் லீவு ஒத்துவராது. இந்த மே மாதம் எங்களுக்கும் அதே கதைதான். ''மலைதானே வேணும்? நம்ம பல்லாவரத்துலயே இருக்கே'' என்றாள் தோழி.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். டிக்கெட் 5 ரூபாய். ஞாயிறு காலை 6 மணிக்கு மூன்று பேர் கிளம்பினோம், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு. இத்தனூண்டு மலைக்கு இது போதும் என்று நினைத்தோம்.

மலையில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. கல்லில் அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்துக்குப் பைக்கில் போகிற நாம், பல்லவனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். இப்போது அது முஸ்லிம்களின் வழிபாட்டுத் தலம். செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வந்தோம்.

மேலே நின்றால் விமான நிலைய ஓடுபாதை தெரியும். காலடியில் இருக்கும் கருநீலப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். கல் நம்மூருடையது, பெயர் அவருடையது!

வினை ஆரம்பித்தது இன்னொரு கல்லால். 1863 மே 30. நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் அணிவகுப்பு மைதானத்தின் அருகே சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். மனிதக் கை செதுக்கிய குவார்ட்சைட் கருவி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அது. அப்போது அவருக்கு 28 வயது. அதே செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் ஆய்வு முடிவு வந்தது. ஃபூட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதைச் சொன்னது நான்தான். ''அப்ப நமக்கும் ஒண்ணு கிடைக்கும்ல?'' என்று பாதையை விட்டு முள்ளுக்குள் இறங்கினான் நண்பன். அவன் பின்னால் நாங்கள்.

அரை மணி நேரத்தில் பாதை எங்கே என்றே தெரியவில்லை. ஒரு பக்கம் கருவேல முள், மறுபக்கம் கல் உடைத்த செங்குத்துப் பள்ளம். எதிரே ஜி.எஸ்.டி ரோடு தெரிகிறது, பஸ் ஹாரன் கேட்கிறது, இறங்க மட்டும் வழி இல்லை. மணி 10. தண்ணீர் காலி. பாறை வெயிலைக் குடித்துவிட்டுத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. நண்பனுக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி. நிழலில் உட்காரவைத்து, துப்பட்டாவால் விசிறினோம். பேச்சு குழறியிருந்தால் 108-ஐ அழைத்திருப்போம். அது ஹீட் ஸ்ட்ரோக்கின் அறிகுறி; காத்திருக்கக் கூடாது.

அப்போதுதான் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் மேலிருந்து கூப்பிட்டார். ''ஏம்மா, அந்தப் பக்கம் எறங்காதீங்க. குட்டை இருக்கு, ஆழம் தெரியாது.'' தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, வந்த வழியே மேலே ஏற்றிப் பாதையில் விட்டார். நாங்கள் செய்திருக்க வேண்டியதும் அதுதான். வழி தவறினால் குறுக்கே இறங்கக் கூடாது, தெரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இறங்கும்போது குரங்கணி ஞாபகம் வந்தது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்தில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. பெரிய மலைக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு இப்போது வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் குறுக்கு வழி தேடாதீர்கள்.

கீழே நுங்கு வண்டிக்காரரிடம் ஆளுக்கு நாலு நுங்கு சாப்பிட்ட பிறகுதான் நண்பனுக்கு முகத்தில் உயிர் வந்தது. பாக்கெட்டிலிருந்து பத்திரமாக ஒரு கல்லை எடுத்து மேஜை மேல் வைத்தான். வண்டிக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ''முக்கா இஞ்ச் ஜல்லி தம்பி.''