நிவித்திகல: நிலமும் குடிசனமும்

ஒரு பிரதேசத்தின் சனத்தொகையை வெறும் எண்ணிக்கையாக நோக்குவோர், அவ்வெண்ணிக்கையை உருவாக்கிய நிலவுறவுகளைக் காணத் தவறுகின்றனர். இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலப் பகுதி இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

முதலில் நிலத்தை நோக்குவோம். ஏறத்தாழ 3,275 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இம்மாவட்டம் ஒரே தன்மையதன்று. அதன் தென்கிழக்கு விளிம்பிலுள்ள எம்பிலிப்பிட்டிய வரண்ட வலயத்தைச் சார்ந்தது. அங்கு பயிர்ச்செய்கை உடவளவை நீர்த்தேக்கத்தையே பெரிதும் நம்பியுள்ளது. நிவித்திகலவோ ஈரவலயத்தில், இரத்தினபுரியிலிருந்து கலவானைக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழை இங்கு மிகையாகப் பெய்கின்றது. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களில் ஏற்பட்ட வெள்ளமும் மண்சரிவும் இம்மாவட்டத்தில் பல உயிர்களைக் காவுகொண்டன.

இந்நிலத்தோற்றத்திற்கேற்பவே குடியிருப்பும் அமைந்துள்ளது. பள்ளத்தாக்குகளில் வயல்களும், அவற்றின் அடியில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கப் பரற்படையும் உள்ளன. அவற்றை அடுத்துச் சிங்களக் கிராமங்களும் சிறுதோட்டங்களும் காணப்படுகின்றன. சரிவுகளில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும், தமிழ்த் தொழிலாளர் வாழும் லயன்களும் அமைந்துள்ளன. மாணிக்கக் குழியின் வருவாய் காணியுரிமையாளர், முதலிட்டவர், குழித்தொழிலாளர் முதலியோரிடையே பங்கிடப்படுகின்றது. காணியற்ற தோட்டத் தொழிலாளருக்கோ உரிமையாளர் பங்கு என்றும் கிட்டியதில்லை. மாணிக்க பூமியில் வாழ்ந்தும் அவர்கள் நாட்கூலியையே நம்பியிருக்கின்றனர்.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு மற்றொரு சிறப்பியல்பும் உண்டு. இறப்பர்ச் செய்கைக்குத் தேயிலையைவிடக் குறைந்த தொழிலாளரே தேவை. அயற்கிராமத்தவரும் அதில் ஈடுபட்டனர். ஆகவே நுவரெலியாவிற்போல இங்கு தமிழர் செறிந்து வாழவில்லை; கிராமங்களுக்கிடையே சிறுசிறு தீவுகளாகச் சிதறி வாழ்ந்தனர். இதன் அரசியல் விளைவை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் சப்ரகமுவவில் அமையவில்லை.

மலையகத் தமிழருக்குக் கிடைத்த அப்பிரதிநிதித்துவமும் நிலைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களின் எதிர்காலத்தை, அவர்களது விருப்பை அறியாமலே நிர்ணயித்தது. 525,000 பேர் இந்தியாவிற்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர்; எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரித் தோட்டங்களையும் தாக்கின. பல குடும்பங்கள் வவுனியா போன்ற வடபகுதிகளுக்குப் பெயர்ந்தன.

இப்பின்னணியிலேயே குடிசனமதிப்பை வாசித்தல் வேண்டும். 1971 இல் இலங்கைச் சனத்தொகையில் 9.3 வீதமாக இருந்த ‘இந்தியத் தமிழர்’, 1981 இல் 5.5 வீதமாயினர், 2024 இல் அவர்களது பங்கு 3 வீதத்துக்கும் குறைந்தது. இது பிறப்பு, இறப்பு வீதங்களால் மட்டும் விளக்கக்கூடிய வீழ்ச்சியன்று. நாடுகடத்தலும் இடப்பெயர்வும் அதன் பின்னுள்ளன. அத்துடன், பலர் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிந்துகொண்டமையும் முக்கிய காரணமாகும். அவ்வாறு பதிந்தோரும் அதே லயன்களிலேயே வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

2003 ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலைக்குத் தீர்வு கண்டது. எனினும் குடியுரிமை காணியுரிமையாகவில்லை. பிரிவு தோறும் சிறு வீதமே எனக் கூறி இம்மக்களுக்குரிய தமிழ்ப் பாடசாலையையும் தமிழ்மொழி நிருவாகத்தையும் புறக்கணித்தல், அவர்களைச் சிதறவைத்த வரலாற்றுக்கு அவர்களையே தண்டிப்பதாகும். வீதத்தை அன்றி மனிதரை எண்ணும் திட்டமிடலே நிவித்திகல போன்ற பிரதேசங்களுக்கு இன்று வேண்டப்படுவது.