புகார் போய்ச் சேரட்டும்!

1978 மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரி, அர்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 'ஸ்பேம்' எனப்படும் குப்பை அஞ்சலின் தொடக்கமாக அதுவே கருதப்படுகிறது. அனுப்பியவர் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, கண்டிக்கவும் முடிந்தது. இன்றோ பரிசு விழுந்ததாகவும், வங்கிக் கணக்கு முடக்கப்பட்டதாகவும் நாள்தோறும் வந்து குவியும் அஞ்சல்களை அனுப்புபவர் யார், அவர் மீது யாரிடம் முறையிடுவது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஒருவர் செய்யும் செயலின் செலவு, அதில் தொடர்பில்லாத பிறர் தலையில் விழுவதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்பர். கழிவுநீரை ஆற்றில் விடும் ஆலை அதற்கு எடுத்துக்காட்டு. குப்பை அஞ்சல் அதனினும் மோசமானது. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்களுக்குக் கிடைத்த விற்பனை வெறும் 28 மட்டுமே. ஆயினும் அனுப்பும் செலவு மிகமிகக் குறைவு என்பதால் தொழில் தொடர்கிறது. அனுப்புபவர் ஒரு டாலர் ஈட்டுவதற்குச் சமூகம் ஏறத்தாழ 100 டாலரை இழக்கிறது என்று 2012-இல் பொருளியலாளர்கள் ஜஸ்டின் ராவ், டேவிட் ரெய்லி இருவரும் கணித்தனர்.

இதைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, அஞ்சல் புறப்பட்ட வலையமைப்பின் பொறுப்பாளரிடமே புகார் அளிப்பதாகும். இணையத்தில் இயங்கும் ஒவ்வொரு வழங்கிக் கணினிக்கும் 'ஐபி' எண் உண்டு. நிலத்துக்குப் பட்டா இருப்பதுபோல, எந்த எண்தொகுதி எந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது என்பதற்கும் பதிவேடு உண்டு. உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இதைப் பேணுகின்றன. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ள 'ஏப்னிக்' பொறுப்பு. இந்தியாவும் இலங்கையும் அதன் எல்லைக்குள் வருகின்றன. இப்பதிவேட்டைக் கட்டணமின்றி எவரும் பார்க்கலாம்.

வலையமைப்பு நடத்துவோர் 'அப்யூஸ்' என்ற பெயரில் தனி அஞ்சல் பெட்டி வைத்து முறைகேட்டுப் புகார்களைப் பெற வேண்டும் என்ற நெறியை, 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2142 என்ற ஆவணம் வகுத்தது. பின்னர், புகார் முகவரியைப் பதிவேட்டிலேயே குறிப்பிடுவது கட்டாயமாயிற்று.

ஆனால், முகவரி இருப்பது வேறு. அது செயல்படுவது வேறு. பொறுப்பாளர் வேலையை விட்டுச் சென்றிருப்பார். நிறுவனம் கைமாறியிருக்கும். பெட்டி நிரம்பி வழியும். சில இடங்களில் விந்தையான சிக்கலும் உண்டு: சான்றுக்காக இணைக்கப்பட்ட குப்பை அஞ்சலைக் கண்டதும், அங்குள்ள வடிகட்டி புகாரையே குப்பை எனத் தள்ளிவிடும்!

எனவேதான், முகவரியைச் சரிபார்க்கும் நடைமுறை பிறந்தது. ஏப்னிக் 2019 முதல், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு புகார் முகவரிக்கும் அஞ்சல் அனுப்பி, அதிலுள்ள இணைப்பின் வழியாக உறுதிப்படுத்துமாறு கோருகிறது. குறித்த காலத்துக்குள் உறுதிப்படுத்தாவிடில், அம்முகவரி செல்லாதது என்று பதிவேட்டிலேயே குறிக்கப்படும். சரிபார்க்கப்பட்டிருந்தால் அந்தத் தேதி இடம்பெறும். ஐரோப்பாவுக்கான பதிவகமான 'ரைப்', முகவரி தொழில்நுட்ப அளவில் இயங்குகிறதா என்பதை ஆண்டுதோறும் சோதிக்கிறது. இதனை மேலும் கடுமையாக்க 2019-இல் அங்கு முன்வைக்கப்பட்ட முன்மொழிவு, கருத்தொற்றுமை ஏற்படாமல் கைவிடப்பட்டது. நேர்மையான நிறுவனங்களுக்கே சுமை கூடும், தவறு செய்வோர் எப்படியும் தப்பிவிடுவர் என்பது எதிர்ப்பாளர்களின் வாதமாக இருந்தது.

அந்த வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஓர் இணைப்பைச் சொடுக்குவதால், பெட்டி உயிரோடு உள்ளது என்பது மட்டுமே உறுதியாகும். அதற்குள் வரும் புகாரை ஒருவர் படிக்கிறார் என்பது உறுதியாகாது. குற்றத்துக்கு இடம் கொடுக்கும் வலையமைப்பே தன் புகார்ப் பெட்டி சரியாக உள்ளது என்று சொல்வது, வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதைதான்.

இதன் வேர் பொருளியலில் உள்ளது. புகாரைப் படித்து நடவடிக்கை எடுக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். அதன் பயனோ முகம் தெரியாத அயலாருக்குப் போகிறது. போதாக்குறைக்கு, குப்பை அஞ்சல் அனுப்புபவர் அந்நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர். இந்நிலையில் அலட்சியமே லாபகரமானதாகிவிடுகிறது.

அலட்சியத்துக்கு விலை ஏற்படும்போதுதான் நிலைமை மாறும். 2008 நவம்பரில் நடந்தது இதற்குச் சான்று. கலிபோர்னியாவில் இயங்கிய 'மெக்கோலோ' என்ற நிறுவனம் குப்பை அஞ்சல் கும்பல்களின் புகலிடமாக இருந்தது. அதற்கு இணைய இணைப்பு வழங்கிய மேல்நிலை நிறுவனங்களிடம் சான்றுகள் வைக்கப்பட்டதும், அவை இணைப்பைத் துண்டித்தன. உலகில் குப்பை அஞ்சல்களின் எண்ணிக்கை உடனே பாதிக்கும் கீழே சரிந்தது. சில மாதங்களில் அது மீண்டும் ஏறியது உண்மையே. ஆயினும், கேட்கும் செவியுள்ள இடத்தில் புகார் போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு என்பது நிறுவப்பட்டது.

ஆகவே, சரிபார்ப்பைக் கைவிடுவதல்ல, அதை முழுமையாக்குவதே தீர்வு. புகார் கிடைத்ததை நிறுவனம் குறித்த நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். தொடர்ந்து செல்லாத முகவரியை வைத்திருப்போரின் பெயர்களைப் பதிவகங்கள் வெளியிட வேண்டும். இணைப்பு வழங்கும் மேல்நிலை நிறுவனங்கள், செயல்படும் புகார் முகவரியை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்.

மக்கள் பங்கும் இதில் உண்டு. குப்பை அஞ்சலில் காணப்படும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது. அதற்குப் பதில் எழுதுவதில் பயனில்லை. அஞ்சலின் முழுத் தலைப்பு விவரத்தைத் திறந்தால், அது கடந்துவந்த கணினிகளின் பட்டியல் தெரியும். அதில் கீழுள்ள வரிகளை அனுப்புபவர் பொய்யாகச் சேர்த்திருக்கலாம். நம் அஞ்சல் சேவையின் கணினி, வெளியிலிருந்து அஞ்சலைப் பெற்றபோது பதிந்த வரியே நம்பத்தக்கது. அவ்வரியில் உள்ள ஐபி எண்ணைப் பதிவேட்டில் தேடி, புகார் முகவரியையும் அது சரிபார்க்கப்பட்ட தேதியையும் பார்க்க வேண்டும். முழுத் தலைப்பையும், நேர மண்டலத்துடன் நேரத்தையும் இணைத்துச் சுருக்கமாக எழுதினால் போதும். புகார் திரும்பி வந்தால் அதையும் விட்டுவிடக் கூடாது. முகவரி செல்லவில்லை என்று பதிவகத்துக்கே தெரிவிக்கலாம்.

இணைய எண்கள் உலகின் பொதுச்சொத்து. அவற்றைப் பயன்படுத்தி வருவாய் ஈட்டுவோர், தங்கள் எல்லைக்குள் நிகழும் தீங்குக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர்கள். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்க வேண்டும். வாசலில் பெயர்ப் பலகை தொங்கினால் மட்டும் போதாது.